சிங்கப்பூர் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கூடி உட்கார்ந்தால் போலீஸ் பிடிக்குமா? எதெதற்கு அபராதம்?

உட்கார்ந்து பேசியதற்காக யாரையும் பிடிப்பதில்லை. ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கத்துப் புல்வெளியில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, பொட்டலச் சோறு சாப்பிட்டு, வீட்டுக்கு வீடியோ கால் போட்டுப் பேசிவிட்டு எழுந்து போகலாம். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். மாட்டிக்கொள்கிறவர்கள் மாட்டுவது வேறு காரணங்களால்: கையில் திறந்திருந்த பீர் கேன், காலடியில் விட்டுப்போன பிளாஸ்டிக் பை, கூரைக்குக் கீழே பற்றவைத்த சிகரெட், கிளம்பச் சொன்ன பிறகும் கிளம்பாமல் நின்றது. இதில் ஒவ்வொன்றுக்கும் மணி, கிழமை, இடம் என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் சம்மன் வாங்குகிறார்கள். வொர்க் பெர்மிட்டில் வந்தவருக்கு அபராதத்தை விடப் பெரிய கவலை பெர்மிட். ஊரில் வாங்கிய கடன் அடையாத நிலையில் அது போனால் குடும்பமே தவித்துப்போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுவிலிருந்து தொடங்குகிறேன், அதிகக் குழப்பம் அதில்தான். 2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் முழுவதும் பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது குடிக்கக் கூடாது. பூங்கா, கடற்கரை, பேருந்து நிறுத்தம், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் எல்லாம் பொது இடம்தான். கடைகளும் 10.30க்குப் பிறகு எடுத்துச் செல்ல மது விற்கக் கூடாது. இது எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவான விதி.

தேக்கா அடங்கிய லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கும் தடை திங்கள் காலை 7 மணிக்குத்தான் முடியும். இடையில் ஒரு நிமிடம்கூட இடைவெளி கிடையாது, பட்டப்பகலிலும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. பொது விடுமுறை என்றால் முந்தின நாள் மாலை 7 மணிக்குத் தொடங்கி, விடுமுறைக்கு மறுநாள் காலை 7 மணி வரை. தீபாவளி புதன்கிழமை வந்தால் செவ்வாய் மாலை 7 முதல் வியாழன் காலை 7 வரை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்து திங்களும் லீவு என்றால் தடை செவ்வாய் காலை 7 மணி வரை நீளும். இங்கே தைப்பூசமும் பொங்கலும் பொது விடுமுறை இல்லை, அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான். இந்த வட்டாரக் கடைகள் சனி, ஞாயிறு, பொது விடுமுறை, அதற்கு முந்தின நாள் ஆகியவற்றில் மாலை 7 மணி வரை மது விற்கலாம். அதாவது ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடையில் பீர் விற்பதில் தப்பில்லை, நீங்கள் வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் வாங்கியதைக் கடை வாசலில் திறந்து குடித்தால் குற்றம். “விற்கிறார்களே, அப்புறம் ஏன் குடிக்கக் கூடாது?” என்ற நியாயமான கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. விற்பனைக்கு ஒரு நேரம், குடிப்பதற்கு வேறொரு நேரம். வாங்கினால் மூடியைத் திறக்காமல் கொண்டுபோங்கள். தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றிக் குடித்தாலும் மதுதான். 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே சட்டத்தின் கண்ணில் மது, எனவே “பீர்தானே” என்று சொல்லித் தப்ப முடியாது.

உரிமம் உள்ள உணவகத்திலோ காப்பிக்கடையிலோ உட்கார்ந்து குடிக்கலாம், ஞாயிற்றுக்கிழமையும்தான். அந்தக் கடைக்கு உரிய மேசையிலேயே குடித்து முடிக்க வேண்டும், கிளாசோடு நடைபாதைக்கு வரக் கூடாது. தடை நேரத்தில் பொது இடத்தில் குடித்துப் பிடிபட்டால் முதல்முறை 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மறுபடியும் என்றால் 2,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ. அதிகாரி வந்து “கொட்டிவிட்டுக் கிளம்பு” என்றால் கொட்டிவிட்டுக் கிளம்புங்கள். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு, சொன்னதோடு விட்டுவிட்டால் அது உங்களுக்கு லாபம்.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தனியார் பேருந்தில் அடிபட்டுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் மதுவும் ஒன்று. வாரம் ஆறு நாள் வெயிலில் உழைத்து ஒரே ஒரு நாள் வெளியே வருகிறவருக்கு இந்த விதி மற்றவர்களை விட அதிகச் சுமையாக இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் அந்த இரவிலிருந்து எல்லாரும் மனதில் வைக்க வேண்டியது வேறு. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 25 பேர். அதைவிட அதிகமாக, 50க்கும் மேற்பட்டவர்கள், வழக்கே இல்லாமல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கலைந்து போகச் சொல்லியும் போகாமல் கலவரத்தில் நின்றார்கள் என்பது அவர்கள் மேல் சொல்லப்பட்ட காரணம். எனவே விபத்தோ அடிதடியோ நடந்து கூட்டம் சேர்ந்தால் வேடிக்கை பார்க்கவும் போனில் படம் எடுக்கவும் நிற்காதீர்கள். ஒரு பகுதியை விட்டு விலகிப்போகச் சொல்லவும், 24 மணி நேரம் வரை திரும்பி வராதே என்று உத்தரவிடவும் பொது ஒழுங்குச் சட்டத்தில் போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது.

குப்பை. சாப்பிட்ட பொட்டலம், டிஷ்யூ, சிகரெட் துண்டு எதைப் போட்டாலும் குற்றம். முதல்முறை பிடிபட்டால் பெரும்பாலும் 300 வெள்ளி கட்டி முடித்துக்கொள்ளலாம். நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கு 2,000, இரண்டாவதுக்கு 4,000, அதன் பிறகு 10,000 வெள்ளி வரை போகும். திருத்தப்பணி உத்தரவு என்று, மேலங்கி மாட்டிப் பொது இடத்தைக் கூட்ட வைப்பதும் உண்டு. இங்கே நடக்கும் தப்பு ஒரே மாதிரியானது. பத்துப் பேர் உட்கார்ந்த இடத்தில் கடைசியாக எழுந்தவர் காலடியில் ஒன்பது பேர் குப்பையும் கிடக்கும். ஒரு பெரிய பையைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அதில் போட்டு ஒருவர் பொறுப்பில் விடுங்கள். ஞாயிறு மாலை தொட்டிகள் நிரம்பி வழியும், பக்கத்தில் வைத்தாலும் குப்பை போட்டதாகவே ஆகும், அடுத்த தொட்டி வரை நடங்கள். எச்சில் துப்புவதும் சுவரோரம் சிறுநீர் கழிப்பதும் தனித்தனிக் குற்றங்கள்.

புகைக்கு இடம்தான் கணக்கு. கடைவீடுகளின் முன்னே கூரை போட்ட ஐந்தடி நடைபாதை, பாலத்தடி நடைபாதை, புளோக்கின் கீழ்த்தளம், படிக்கட்டு, பேருந்து நிறுத்தமும் அதைச் சுற்றி 5 மீட்டரும், கட்டட வாசலிலிருந்து 5 மீட்டர், எல்லாம் தடை. 2022 ஜூலை 1 முதல் பொதுப் பூங்காக்களிலும் கூடாது. அபராதம் 200 வெள்ளி, நீதிமன்றம் போனால் 1,000 வரை. மழை வந்தால் கூரைக்குக் கீழே ஒதுங்கும்போது கையில் சிகரெட் எரிந்துகொண்டிருக்கும், அந்த நொடியில் பிடிபடுகிறவர்கள் நிறைய. அணைத்துவிட்டு ஒதுங்குங்கள். 21 வயது ஆகாதவர் புகைக்கவே கூடாது. ஒவ்வொரு சிகரெட்டிலும் எஸ்டிபிசி என்ற எழுத்து அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாமல் சந்தில் மலிவாக விற்பது தீர்வை கட்டாத சரக்கு, வாங்கினவரும் மாட்டுவார்.

ஊரிலிருந்து வரும் புகையிலைப் பொட்டலங்களும் கூடாது. கைனி, குட்கா, ஜர்தா போல மெல்லும் புகையிலைக்கு இங்கே முழுத் தடை. நண்பருக்காகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வேப் எனப்படும் மின்சிகரெட் அதைவிட ஆபத்து. 2025 செப்டம்பர் 1 முதல் 18 வயது தாண்டியவருக்கு முதல்முறையே 700 வெள்ளி, திரும்பப் பிடிபட்டால் வெளிநாட்டவருக்கு பெர்மிட் ரத்தாகி நாடு கடத்தும் வரை போகும்.

புளோக்குகளின் கீழ்த்தளத்தில் உட்காருவதைத் தவிர்க்கச் சொல்வேன். பஃபலோ ரோடு, ரோவெல் ரோடு பக்கம் குடியிருப்புகள் கடைகளோடு கலந்தே இருக்கின்றன. உட்கார்ந்தால் மட்டும் குற்றம் ஆகாது. ஆனால் மேலே தூங்கும் குழந்தை, மின்தூக்கி அருகே நடக்க யோசிக்கும் பெண், இவர்கள் புகார் செய்தால் போலீஸ் வரும், அந்தப் புகாரில் நியாயமும் இருக்கும். காசு வைத்துச் சீட்டாடுவது எந்தப் பொது இடத்திலும் சட்டவிரோதம். பத்துக் காசு பந்தயம் என்றாலும் விதிவிலக்கு இல்லை. எம்ஆர்டி ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை, தண்ணீரும் அதில் அடங்கும். சாலையைக் குறுக்கே கடக்கும்போது 50 மீட்டருக்குள் சிக்னலோ பாதசாரிக் கடப்போ இருந்தால் அதில்தான் கடக்க வேண்டும்.

கூட்டம் பற்றி ஒன்று. நண்பர்கள் கூடுவது வேறு, ஒரு கோரிக்கைக்காகக் கூடுவது வேறு. ஊரில் நடக்கும் போராட்டத்துக்கு ஆதரவாக அட்டை பிடித்து நின்றால், தனி ஆள் நின்றால்கூட, போலீஸ் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்பில் “எல்லாரும் வாங்க” என்று செய்தி வந்தால் போகாதீர்கள், முன்னனுப்பவும் வேண்டாம். பொதுவில் பேச ஒதுக்கிய ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையும் வெளிநாட்டு ஊழியர்களுக்கானது இல்லை.

அதிகாரி நிறுத்தினால் என்ன செய்வது? ஓடாதீர்கள், ஓடினால் சாதாரண விசாரணை சந்தேகமாக மாறிவிடும். வொர்க் பெர்மிட்டை எப்போதும் கூடவே வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்பது பெர்மிட் நிபந்தனையிலேயே இருக்கிறது. சாதாரண உடையில் வந்தவர் என்றால் அவருடைய அதிகாரி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், மரியாதையாகக் கேட்டால் காட்டுவார். குப்பைக்கோ புகைக்கோ பிடிக்கும் அதிகாரி அந்த இடத்திலேயே ரொக்கம் வாங்க மாட்டார். காசு கொடு என்று கேட்பவர் போலி, 999க்கு அழையுங்கள்.

அதேபோல நீங்களும் “அண்ணே, இத வச்சுக்குங்க” என்று நோட்டை நீட்டாதீர்கள். ஊர்ப் பழக்கத்தில் கை தானாகப் போகும், ஆனால் இங்கே லஞ்சம் கொடுக்க முயல்வதே குற்றம்: 1,00,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. 300 வெள்ளியோடு முடிந்திருக்க வேண்டியது அப்படிச் சிறையில் முடிகிறது. அதிகாரியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவதும் தொல்லைக்கு எதிரான பாதுகாப்புச் சட்டப்படி தனி வழக்கு, 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. தமிழில் திட்டினால் புரியாது என்று நினைக்க வேண்டாம், போலீசில் தமிழர்கள் இருக்கிறார்கள்.

நிலையத்துக்கு அழைத்து வாக்குமூலம் எழுதினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகு, தப்பு இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். அபராத நோட்டீஸ் வந்தால் அதில் உள்ள கடைசித் தேதிக்குள் ஏஎக்ஸ்எஸ் என்ற கட்டணம் கட்டும் எந்திரத்தில் கட்டி, ரசீதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டாமல் விட்டால் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும், அங்கும் போகாவிட்டால் பிடியாணை. விடுமுறையில் ஊருக்குக் கிளம்பி விமான நிலையத்தில் நிற்கும் நேரத்தில் அது தெரியவரக் கூடாது. நோட்டீஸ் டார்மிட்டரி முகவரிக்குப் போய், நீங்கள் இடம் மாறியிருந்தால் கைக்கு வந்து சேராது, முகவரி சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் வரவில்லை என்று கூட்டமாகப் போய் எங்கும் உட்காராதீர்கள். 2012 நவம்பரில் வேலைக்கு வர மறுத்த சீனப் பேருந்து ஓட்டுநர்களில் 5 பேர் சிறைக்குப் போனார்கள், 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் குறைகளில் உண்மை இருந்தும் அதுதான் நடந்தது. சம்பளப் பாக்கிக்கு டாடம் எனப்படும் முத்தரப்புப் பூசல் தீர்வுக் கூட்டணியில் மனு போடலாம். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டாலோ, முதலாளி அவசரமாக ஊருக்கு அனுப்பப் பார்த்தாலோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணை இரவு பகல் எந்த நேரத்திலும் அழைக்கலாம். அந்த எண்ணை இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள், அறையில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள்.