மார்க் குறைவதற்கும் பதின்ம வயதினரின் ஆபத்துப் பழக்கங்களுக்கும் என்ன தொடர்பு?

ஆபத்துப் பழக்கம் என்றால் கேடு என்று தெரிந்தும் செய்வது: சிகரெட், குடி, போதை, சீட் பெல்ட் போடாமல் போவது, அடிதடி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 1991 முதல் 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களிடம் பெயர் கேட்காமல் இதையெல்லாம் விசாரித்து வந்திருக்கிறது. கிரேடையும் சேர்த்துக் கேட்ட ஆண்டுகளில், 'ஏ' வாங்குவோரைவிட 'டி', 'எஃப்' வாங்குவோரிடம் இவை அதிகம் என்று தெரிந்தது.

ஏன்? வழி ஒன்றல்ல. கஞ்சா கவனத்தையும் நினைவையும் மழுக்கும், அப்புறம் மார்க் இறங்கும். மறுபக்கம், தொடர்ந்து ஃபெயிலாகிறவனுக்குப் பள்ளியோடு இருந்த ஒட்டுதல் விட்டுப்போகும். வகுப்பைக் கட் அடிப்பான், சேர்ந்து சுற்றும் நண்பர்கள் மாறுவார்கள். "நேற்று ஏன் வரலை?" என்று பெயர் சொல்லிக் கேட்கும் ஆசிரியர் இருந்தால் நிலைமை வேறு, பள்ளியில் தன்மேல் அக்கறை இருப்பதாக உணர்கிற பிள்ளைகளிடம் இந்தப் பழக்கங்கள் குறைவு.

பல நேரம் இரண்டுக்குமே வேர் வேறெங்கோ இருக்கும்: வீட்டுச் சண்டை, மனச்சோர்வு, தூக்கமின்மை, பணக் கஷ்டம். காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்து வருகிறதே, அதுபோல. வலி காய்ச்சலைக் கொண்டுவரவில்லை, இரண்டும் ஒரே கிருமியின் வேலை. டியூஷன் மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பது, என் பார்வையில், வலிக்குத் தைலம் தடவுகிற கதைதான்.

'நல்ல மார்க் வாங்குகிறான், பயமில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் குடித்ததாகச் சொன்ன 'ஏ' கிரேடுக்காரர்களும் உண்டு, விகிதம்தான் குறைவு.