காப்பீட்டு அட்டை: கேட்டார்கள், சொன்னேன்

எட்டு வருடம் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த அளவில் பதில்.

அண்ணா, வீட்டுக்காரருக்கு மாதம் 9,000 சம்பளம். எங்களுக்கு அட்டை கிடைக்குமா?

வேறு வருமானம் இல்லையென்றால் கிடைக்கும்மா. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 1,08,000தான் வருகிறது. முன்பு வரம்பு 72,000. அந்தப் பழைய கணக்கை நம்பிச் சும்மா இருப்பவர்கள் இன்னும் நிறைய. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். அப்பாவின் அட்டையே போதுமா?

போதாது. ரேஷன் கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களைத்தான் குடும்பம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு ராத்திரி நெஞ்சுவலியோடு ஒருவரைக் கொண்டு வந்தார்கள். அவர் மனைவி மஞ்சள் பைக்குள் துழாவி, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த அட்டையை நீட்டினார். அதில் இருந்தது மாமனார் பெயரும் மாமியார் பெயரும் மட்டும். ரேஷன் கார்டைப் பிரித்தவர்கள் இதைப் புதிதாக எடுக்கவில்லை. சிகிச்சை நிற்கவில்லை, ஆனால் அன்றைக்குக் கட்டிய முன்பணம் அந்த அம்மா கழுத்திலிருந்து போனது. உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டையில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

5 லட்சம் என்கிறார்களே, கையில் தருவார்களா?

பைசா தர மாட்டார்கள் சார். அது குடும்பத்துக்கே சேர்த்து, ஒரு வருடத்துக்கான உச்சவரம்பு. 2012இல் தொடங்கும்போது 1 லட்சமாக இருந்தது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு 5 லட்சம் ஆனது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று ஒரு தொகுப்புக் கட்டணம் உண்டு. ஸ்டென்ட் வைக்க வேண்டுமென்றால் ஆஞ்சியோ படம், ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஆன்லைனில் போகும். காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் இருக்கும் டாக்டர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள். அப்புறம் பணம் நேரே மருத்துவமனைக்குப் போகும். அதனால் சேரும்போதே அட்டையைக் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு வந்து நீட்டினால் மேசையில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? இன்னொன்று: திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் எல்லாப் பிரிவும் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. இதயத்துக்கு உண்டு, எலும்புக்கு இல்லை என்று இருக்கும். கேட்டுவிட்டுப் படுங்கள்.

ஒப்புதல் வந்த பிறகும் தனியாகப் பணம் கேட்கிறார்கள்.

ஒப்புதலான சிகிச்சைக்குக் கேட்கக் கூடாது. எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். அதற்கும் மசியாவிட்டால் 1800 425 3993, கட்டணமில்லா எண்.

சர்க்கரை மாத்திரைக்கு?

கிடையாது. சாதாரண ஓ.பி.க்கு இந்த அட்டை உதவாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பதிந்தால் மாத்திரை வீட்டுக்கே வரும்.

பெரியாஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தானே, அங்கே எதற்கு அட்டை கேட்கிறார்கள்?

நல்ல கேள்வி. உங்களுக்கு இலவசம்தான். ஆனால் உங்கள் அட்டையில் ஆபரேஷன் பதிவானால் காப்பீட்டுத் தொகை அந்த அரசு மருத்துவமனைக்கு வரும்; கருவி, உபகரணம் வாங்க அது உதவும். நான் வேலை பார்த்தது தனியாரில். ஆனாலும் சொல்கிறேன், அட்டையைத் தயங்காமல் அங்கே கொடுங்கள்.

ரோட்டில் அடிபட்டவரிடம் அட்டை இல்லையென்றால்?

அதற்குத் தனித் திட்டம்: இன்னுயிர் காப்போம், 2021 டிசம்பரில் வந்தது. விபத்து தமிழ்நாட்டுக்குள் நடந்திருந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். வருமானம், அட்டை, எந்த ஊர்க்காரர் என்று எதுவும் பார்ப்பதில்லை.

முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு உண்டா?

உண்டு. அவர்களுக்கு வருமான வரம்பும் கிடையாது.