பால்குடமும் வேதாந்த வகுப்பும்

அன்புள்ள ஐயா,

11 வருடமாக அம்மாவோடு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். போன வருடம் முதல் வேதாந்த வகுப்புக்குப் போகிறேன். இருப்பது ஒன்றே என்றால் யார் யாருக்குப் பால் கொண்டுபோவது? நேர்த்திக்கடன் வெறும் பேரமாகத் தெரிகிறது. இந்த முறை நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. ஞானத்துக்கு வந்தபின் பக்தி எதற்கு?

ஒரு வாசகர், தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பக்தி கீழ்ப்படி, ஞானம் மேல்படி என்று வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். இளவயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ரமணரைப் படித்தபோது அது உடைந்தது.

1896-இல், 16 வயதில், மதுரை வீட்டு மாடியில் அவருக்கு மரணபயம் வந்தது. சாவது எது என்று உள்ளே பார்த்தார். உடல்தான் சாகும், நான் சாவதில்லை என்று தெளிந்தது. சரி, அதற்கப்புறம் என்ன செய்தார்? மீனாட்சி கோவிலுக்கு முன்னைவிட அதிகமாகப் போனார். அறுபத்துமூவர் சிலைகள் முன் நின்று கண்ணீர் விட்டார். ஆறு வாரம் போல ஆனதும் அருணாசலத்துக்கே புறப்பட்டுவிட்டார். பின்னாளில் அந்த மலையை நாயகனாக்கி 108 கண்ணிகள் பாடினார். 'நான் யார்?' என்று விசாரிக்கச் சொன்னவரும் அவர்தான்!

பேரம் என்கிறீர்கள். கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னை வணங்குபவர்களில் நால்வகை சொல்கிறான்: துன்பப்பட்டவன், அறிய விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி. நால்வரும் உயர்ந்தவர்களே என்கிறான். ஞானி தனக்கு மிகவும் பிரியமானவன், தானே அவன் என்றும் சொல்கிறான். ஆனால் அந்த ஞானியும் பக்தர் வரிசையில்தான் நிற்கிறான்.

பால்குடத்தோடு நடப்பது சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். நானும் நடந்திருக்கிறேன். கடைசித் தூரத்தில் உங்களுக்கு வேண்டுதல் ஞாபகம் இருந்ததா? எனக்கு இருந்ததில்லை. வெறுங்காலில் சூடு, சுற்றிலும் 'வேல் வேல்', பால் சிந்தக்கூடாது என்ற கவனம், அவ்வளவுதான். கேட்க வந்த ஆள் வழியில் எங்கோ கரைந்திருப்பான். வகுப்பில் உட்கார்ந்து நீங்கள் விசாரிப்பதும் அந்த ஆளைத்தானே?

வகுப்பை விடாதீர்கள். ஆனால் எல்லாம் ஒன்று என்ற படிப்பு அம்மாவை உங்களுக்கு ஒரு படி கீழே நிறுத்தியிருக்கிறதே, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் கேளுங்கள், டேங்க் ரோடு நெருங்கும்போது அவர் மனசில் என்ன இருக்கும் என்று. அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.