இலவச வாட்ஸ்அப்புக்கு ஏது வருமானம்?

கேள்வி: வாட்ஸ்அப்புக்கு நாம் காசே கொடுப்பதில்லை. அப்புறம் எப்படிச் சம்பாதிக்கிறது?

பதில்: நாம் கொடுப்பதில்லை, சரி. நமக்குச் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் கொடுக்கின்றன. என் போனைத் திறந்தால் நண்பர்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பது வங்கியின் ஓடிபியும், என்றோ செருப்பு வாங்கிய கடையின் தள்ளுபடி அறிவிப்பும்தான். இப்படி நிறுவனங்கள் தாமாக அனுப்புபவற்றுக்கு, வாட்ஸ்அப்பின் சொந்தக்காரரான மெட்டா கட்டணம் வாங்குகிறது. விளம்பரச் செய்தி என்றால் கூடுதல். (என்னைத் தொந்தரவு செய்யவும் ஒரு விலை இருக்கிறது என்பதில் அற்ப சந்தோஷம்!)

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் பட்டனோடு வரும் விளம்பரங்கள் இன்னொரு வழி. தட்டினால் அரட்டை திறக்கும், காசும் அதே மெட்டாவுக்குத்தான்.

முன்பு சில நாடுகளில் ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தா கேட்டார்கள். கார்டே இல்லாதவர்களிடம் எப்படி வசூலிப்பது? 2016இல் அதைக் கைவிட்டார்கள். நிறுவனர்களுக்கு விளம்பரம் என்றாலே ஆகாது. ஆனால் 2014இல் 1,900 கோடி டாலர் பேசி வாட்ஸ்அப்பை வாங்கிய ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) சும்மா இருக்குமா? நிறுவனர்கள் வெளியேறினார்கள், 2025இல் ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் வந்தேவிட்டது. நம் சொந்த அரட்டைக்குள் மட்டும் இன்னும் நுழையவில்லை.