சாமிக்கு யார் பதில் சொல்வது?

அன்புள்ள ஐயா,

எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கு பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். அங்கே காரோ, ஹமர், பன்னா என்ற பழங்குடிகளிடம் ‘மிங்கி’ என்று ஒரு வழக்கம். மேல்பல் முதலில் முளைத்த குழந்தை, இரட்டைக் குழந்தைகள், பெரியவர்கள் சடங்கு செய்து அனுமதிக்காமல் பிறந்த குழந்தை எல்லாம் தீட்டு. ஊருக்குப் பஞ்சம் வரும் என்று கொன்றுவிடுவார்களாம். இந்தக் காட்டுமிராண்டித்தனத்தைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாதா? மீட்ட குழந்தைகளை வெளியூரில் வைத்து வளர்க்கிறார்கள். அது மூடநம்பிக்கைக்கு அடிபணிவது ஆகாதா? நான் சமூகப்பணி படிக்கிறேன். இந்த வேலைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

கடிதத்தை ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மனசு ஆறாமல் எழுதியது தெரிகிறது. அதனால் கொஞ்சம் திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

காட்டுமிராண்டி என்று எழுதும்போது உங்களுக்கு உசிலம்பட்டி ஞாபகம் வரவில்லையா? பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் புகட்டிய ஊர்கள் நம்முடையவை. அதைத் தடுக்கத்தான் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய கொடுமை என்று ஒன்று தனியாக இல்லை.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2004-ல் வந்த எத்தியோப்பியக் குற்றவியல் சட்டத்தில் தீங்கான மரபு வழக்கங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஆற்றங்கரைக் குடிசையில் நடப்பது போலீஸ்காரர் காதுக்குப் போனால்தானே அது வேலை செய்யும்? சரி, அதை விடுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் ‘அடிபணிவது’ என்று எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் குழந்தைகளை மீட்கும் வேலையைத் தொடங்கிய லாலே லபுகோ அந்தக் காரோ குடியிலேயே பிறந்தவர். வெளியூர் போய்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தனக்கு இரண்டு அக்காமார் இருந்தார்கள், மிங்கி என்று அவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்பது அம்மா சொல்லித்தான் பதினைந்து வயதில் அவருக்குத் தெரியும். அவர் பெரியவர்களிடம் போய் ‘உங்கள் நம்பிக்கை பொய்’ என்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. குழந்தையை என்னிடம் கொடுங்கள், ஊரைவிட்டுக் கொண்டுபோய்விடுகிறேன், தீட்டும் என்னோடு போகட்டும் என்ற வழியைக் காட்டினார். குழந்தைகள் ஜின்கா நகரத்தில் வளர்ந்தார்கள். பேசிப் பேசி, 2012 ஜூலையில் காரோ பெரியவர்களே கூடி மிங்கியைக் கைவிட்டார்கள். முதல் நாளே தர்க்கம் பேசியிருந்தால் தர்க்கம் ஜெயித்திருக்கலாம், பிள்ளை பிழைத்திருக்காது.

எங்கள் வீட்டில் சின்ன அத்தையின் பையன் கொடி சுற்றிப் பிறந்தான். தாய்மாமனுக்கு ஆகாது என்று பாட்டி ஒரே பிடிவாதம். மாமன் என்றால் என் அப்பாதான், கணக்கு வாத்தியார். வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, பாட்டி குழந்தையை அதன்மேல் சாய்த்துப் பிடிக்க, அப்பா எண்ணெயில் தெரிந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். மூக்கிலிருந்து கண்ணாடி வழுக்கிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. பாட்டியைத் தவிர எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் பையனைத் தூக்கிக்கொண்டார், தோஷம் தீர்ந்தது. மேல்பல் முதலில் முளைத்தாலும் மாமனுக்கு ஆகாது என்று நம் வீடுகளில் சொல்கிறார்கள். அதே பல், அதே பயம். நமக்கு யாரோ ஒரு பரிகாரம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பரிகாரம் என்றதும் உங்கள் முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. ஒடிசா மலைகளில் கோந்த் மக்கள் மண் விளைவதற்காக ‘மெரியா’ என்று நரபலி கொடுத்து வந்தார்கள். அதற்கென்று விலைக்கு வாங்கிய பிள்ளைகளை வளர்த்துப் பலியிடுவதும் உண்டு. 1845-ல் வெள்ளைக்காரன் இதை ஒழிக்கத் தனி ஏஜென்சியே வைத்தான். ஊர்களைக் கொளுத்திய கதையும் அதில் சேர்த்தி, அவனை நான் புகழவில்லை. ஆனால் கோந்த் பெரியவர்கள் சிலர் வைத்த நிபந்தனையைப் பாருங்கள். மனிதனுக்குப் பதில் எருமை வெட்ட விட வேண்டும். அப்புறம், பலி நின்றதற்குக் காரணம் சர்க்கார்தான், எங்களைக் கோபிக்காதே என்று சாமியிடம் சொல்லிக்கொள்ள விட வேண்டும். எவ்வளவு விவரமான ஆட்கள்! தலைமுறை தலைமுறையாகப் பயந்தவனிடம் ‘பயப்படாதே’ என்றால் போதாது. நாளைக்கு மழை பொய்த்தால் பழி யார் தலையில் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

காரோ பெரியவர்களை அந்தக் கண்ணோடு பாருங்கள். ஓமோ ஆற்றில் வருஷா வருஷம் வெள்ளம் வந்து வடியும். வடிந்த ஈரக் கரையில் சோளம் விதைப்பார்கள். 2012-ல் மிங்கியை விட்டார்கள். 2015-ல் ஆற்றின் மேலே கிபே மூன்றாம் அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அணைக்குத் திறப்பு விழாவும் நடந்தது. பழைய வெள்ளம் போனது. நமக்கு இது அணைக் கணக்கு. குழந்தைகளை விட்டுவைத்ததால்தான் ஆறு கோபித்துக்கொண்டது என்று அங்கே ஒரு கிழவர் கணக்குப் போட்டால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுத்துச் சொல்ல ஆள் வேண்டும். படம் எடுத்தவர்கள் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். ஹமர், பன்னா ஊர்களில் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள் இல்லையா? இப்போது படிக்கிற படிப்பே போதும், முடியுங்கள். எத்தியோப்பியா போக வேண்டாம், அங்கே செய்ய அந்த ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஷாடோல் பக்கம் பழங்குடிக் கிராமங்களில் சளி பிடித்த கைக்குழந்தையின் வயிற்றில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுகிறார்கள். நிமோனியாவை அப்படித்தான் விரட்டுவதாக நினைப்பு. நமக்கு அங்கே வேலை உண்டு. போனால் சூடு போடும் கிழவியைத் திட்டாதீர்கள். ராத்திரியில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் அந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று முதலில் விசாரியுங்கள்.

அந்தப் படத்தின் பெயரை எழுதவில்லையே. அனுப்புங்கள், பார்க்கிறேன்.