சாப்பாட்டு நேரத்தில் வேலை, சம்பளத்தில் வெட்டு: கேள்வி பதில்

நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் இருபத்தாறு ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு, சம்பளக் கணக்கில் குழப்பம் என்று வருபவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன். சாப்பாட்டு நேர வெட்டு பற்றி இந்த முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஷிப்ட் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, மதியம் ஒரு மணி நேரம் சாப்பாடு. சரக்கு அனுப்பும் நெருக்கடியில் அரை மணியிலேயே எழுப்பிவிடுகிறார்கள். வருகை பதியும் பஞ்சிங் மெஷின் மட்டும் முழு ஒரு மணி நேரத்தையும் கழிக்கிறது. இது சரியா ஐயா?

சரியில்லை அம்மணி. சாப்பாட்டு நேரத்துக்குக் கூலி இல்லை என்பது உண்மை. ஓய்வு நேரம் வேலை நேரத்தில் சேராது. ஆனால் அது ஓய்வாக இருந்தால்தானே? துணியைக் கையில் கொடுத்த நிமிடத்திலிருந்து அது வேலை, அதற்குக் கூலி உண்டு. மெஷின் தானாகக் கழித்தது என்பது பதிலே இல்லை. எதைக் கழிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு மனிதர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு அரை மணி, மாதம் 26 நாள், மொத்தம் 13 மணி நேரம். உங்கள் எட்டு மணி வேலைக்கு மேல் வருவதால் இது ஓவர்டைம்; ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. அப்படியானால் 26 மணி நேரக் கூலி, அதாவது மூன்று ஷிப்டுக்கும் மேல் மாதந்தோறும் உங்களுக்கு வராமல் போகிறது. மெஷின் வருவதற்கு முன் இந்தக் கழித்தலை நானே பேனாவால் செய்திருக்கிறேன். உள்ளே யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது.

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, எழுந்து போன நேரம், திரும்ப உட்கார்ந்த நேரம், கூப்பிட்டவர் யார் என்று தினமும் எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எடுபடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, கூலி குறைந்தது என்று மனுக் கொடுத்தால் சரியாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். அவர் பதிவேட்டைக் காட்டுவார். அதற்கு எதிரே வைக்க உங்களிடம் இந்த நோட்டு இருக்க வேண்டும்.

பல்லடம் பக்கம் மில்லில் சைடர் வேலை, நூற்கும் எந்திரமான ஃபிரேமைப் பார்த்துக்கொள்வது. மாற்று ஆளான ரிலீவர் வராவிட்டால் ஃபிரேமை விட்டு நகர முடியாது. நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.

தம்பி, இழை அறுந்தால் ஓடிப்போய்ப் பிணைக்க வேண்டிய இடத்தில் நின்று சாப்பிடுவது இடைவேளை ஆகாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அதற்குள் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டம் 55ஆவது பிரிவில் வகுத்த அளவு. ஃபிரேம் நிற்காது என்றால் ரிலீவர் போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. கூலி தந்துவிட்டாலும் ஓய்வு தராதது தனிக் குற்றம். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நிற்கிற உடம்புக்கு அந்த அரை மணி எவ்வளவு தேவை என்பதை நான் கண்ணால் பார்த்தவன். இதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள்.

ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் அரை ஷிப்ட் வெட்டு. அவிநாசியில் எங்கள் கம்பெனி வழக்கம் இது.

வராத நேரத்துக்கு உரிய கூலியை மட்டுமே பிடிக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடம். அபராதம் என்று சொல்வார்களானால், அதற்கு முன்கூட்டியே அறிவிப்பு வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், அந்தச் சம்பளக் காலத்தின் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

ஈரோட்டில் ஜவுளிக்கடை விற்பனையாளர். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. கடைகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1947இல் வந்தது. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு என்று அதில் இருக்கிறது. 2021இல் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் திருத்தினார்கள்.

சோமனூரில் தறி ஓட்டுகிறேன், மீட்டர் கணக்குக் கூலி. சாப்பிடப் போனால் எனக்குத்தானே நட்டம்?

மீட்டர் கூலியில் அப்படித்தான் தோன்றும். ஆனால் சாப்பிடப் போனதற்காகக் கூலியில் தனியாகப் பிடித்தால் அது சட்டவிரோத வெட்டு. நான்கு தறிக் கொட்டகையானாலும் ஊதியச் சட்டம் பொருந்தும்.

மதிய இடைவேளை எனக்கு வேண்டாம், கூலியும் கேட்கமாட்டேன் என்று எழுதிய தாளில் பெருந்துறையில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் அண்ணா.

பயப்படாதே கண்ணு. உரிய கூலியை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. அந்தத் தாளின் நகல் கிடைத்தால் பத்திரமாக வை. அதுவே உனக்குச் சாட்சி, இடைவேளை தரவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

கேட்டால் நாளைக்கே வேலைக்கு வராதே என்பார்கள். தனியாளாக என்ன செய்ய முடியும்?

அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். கேட்டவரை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். எத்தனை பேருக்காகவும் ஒரே மனுவாகக் கொடுக்கலாம். சங்கமும் உங்களுக்காகக் கொடுக்கலாம். கூலி பாக்கியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை கேட்க இடம் உண்டு. பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்துத் தர உத்தரவிட மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. மனுவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100 எண்ணுக்கு அழையுங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். போகும்போது சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, அந்த நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள்.