மாணவர்களை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினால் படிப்பில் மாற்றம் வருமா?

புதுச்சேரியில் வரலாறும் தமிழும் படிக்கும் முதுகலை மாணவர்களைக் காப்பகத்துக்கு அனுப்புவதால் பயன் உண்டா என்பது கேள்வி. உண்டு. ஆனால் ஐம்பது பேரைப் பேருந்தில் ஏற்றி ஒரே நாளில் சுற்றிக் காட்டினால் ஒன்றும் தங்காது. நான்கைந்து பேருக்கு ஓர் ஆவணம், அதற்குக் குறைந்தது மூன்று நாள் கொடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு என்றே வாய்த்த பயிற்சி ஒன்று இருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லாபூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த நாள் பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. இரண்டுமே சரி. பிரான்ஸ் 1582லேயே இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, பிரிட்டன் மாறியது 1752 செப்டம்பரில். போதாததற்கு ஆங்கிலேயருக்கு அப்போது மார்ச் 25தான் ஆண்டுப் பிறப்பு. ஜனவரி, பிப்ரவரித் தாள்களில் 1745/46 என்று இரட்டை ஆண்டு வரும். ஆங்கிலேயரின் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைப் பதிவையும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிப் பதிவையும் அருகருகே வைத்தால், கடிதம் எழுதும் முன்பே பதில் வந்துவிட்டது போலத் தெரியும். மாணவர் திகைக்கட்டும். ஆசிரியர் முந்திக்கொண்டு விளக்கிவிட்டால், தேதி மறுபடி மனப்பாடச் சரக்காகிவிடும்.

தமிழ் மாணவர்களுக்கு ஓலைச்சுவடி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறியவை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கிரந்த எழுத்தில் எழுதிய வடமொழி. ஆகவே தமிழ்ச் சுவடியிலிருந்தே தொடங்குங்கள். அதில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். 'பரவை' என்று கண்ணில் படுவது பரவையா பாவையா என்பதைப் பொருளும் யாப்பும்தான் தீர்க்க வேண்டும். இலக்கணத்தைக் கண்டு ஓடியவரும் அங்கே இலக்கண நூலைப் புரட்டுவார்.

பெரும்பாலும் கெடுவது கைப்பேசியால். அனுமதி இருக்கிறதென்று இருநூறு படம் எடுத்து வருவார்கள், ஆவணக் கட்டின் எண் ஒன்றிலும் இருக்காது. மேற்கோள் காட்ட அவை உதவாது. முதல் படம் எண்ணோடு கூடிய மேலட்டையாக இருக்கட்டும். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். படியெடுக்கும்போது பிழையைத் திருத்தக் கூடாது. ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். முதல் நாள் இரண்டு பக்கம் படித்தாலே நல்ல வேகம்.

மதிப்பெண் முழுவதையும் கட்டுரைக்கே வைத்தால், எங்கோ கிடைத்ததை எழுதிவிட்டு ஒரு கட்டு எண்ணை ஒட்டிவிடுவார்கள். பாதியைப் படியெடுப்புக்கும் ஐயக் குறிப்புகளுக்கும் ஒதுக்குங்கள்.